ரயில் ஓட்டுநர் இருக்கைக்கு எந்த வாசல் வழியே போவது?

மருத்துவப் பரிசோதனை அறையில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் வண்ணப் புள்ளிகள் நிறைந்த அட்டைகளைக் கொண்ட சிறு புத்தகம். இஷிஹாரா சோதனை என்பார்கள். ஒரு நிறப் புள்ளிகளுக்கு நடுவே வேறு நிறப் புள்ளிகளால் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். நிறப்பார்வை சரியாக இருப்பவருக்கு அது பளிச்சென்று தெரியும். முதல் அட்டையை அவர் உடனே படித்தார். அதை எல்லோருமே படித்துவிடுவார்கள், சோதனை எப்படி என்று காட்டுவதற்காக வைத்த அட்டை அது. இரண்டாவதில் தயங்கினார். மூன்றாவதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதில் எண் எதுவும் இல்லையே" என்றார்.

மூன்றாண்டு மின்பொறியியல் டிப்ளமோ முடித்தவர். எழுத்துத் தேர்விலும் உளத்திறன் தேர்விலும் நல்ல மதிப்பெண். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துபோனது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண் அவருக்குப் பிறவியிலேயே அமைந்திருக்கிறது. அன்றுவரை அது அவருக்கே தெரியாது.

நான் அப்போது ஒரு ரயில் நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவில் இருந்தேன். அன்றிலிருந்து யாராவது வந்து "ரயில் ஓட்டுநராக என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்டால், நான் படிப்பைப் பற்றிப் பேசத் தொடங்குவதில்லை. "முதலில் கண் மருத்துவரிடம் போய் நிறப்பார்வையையும் தூரப்பார்வையையும் சோதித்துவிட்டு வாருங்கள். காதையும் சோதித்துக்கொள்ளுங்கள்" என்கிறேன். இந்த வேலையில் பாடத்தில் தோற்றவர் மறுபடி எழுதலாம். நிறப்பார்வையில் தோற்றவருக்கு மறுவாய்ப்பு இல்லை. தூரப்பார்வை விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய விதிகள் கண்ணாடி அணிய அனுமதிக்கின்றன. இந்திய ரயில்வேயில் லோகோ பைலட் (ரயில் என்ஜின் ஓட்டுநர்) பணிக்குக் கண்ணாடி இல்லாமலே இரு கண்களிலும் 6/6, அதாவது குறையில்லாத தூரப்பார்வை, வேண்டும். லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியைக் கழற்றியவர்களையும் ஏற்பதில்லை. இது தெரியாமல் சிகிச்சைக்குப் போய் வாய்ப்பைத் தாங்களே மூடிக்கொள்பவர்கள் உண்டு. அதனால் சிகிச்சைக்கு முன்பே விதியைப் படியுங்கள்.

கண்ணும் காதும் சரி என்று தெரிந்த பிறகுதான் வாசல்களை ஒப்பிட வேண்டும். வாசல்கள் நான்கு. பள்ளிப் படிப்போடு நேரடியாகப் பயிற்சி ஓட்டுநராகச் சேர்வது ஒன்று. தொழில்நுட்பப் படிப்பை முடித்துவிட்டுச் சேர்வது இரண்டாவது. நிலைய ஊழியராகவோ கண்டக்டராகவோ (ரயிலின் கதவுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) உள்ளே நுழைந்து பதவி உயர்வில் ஓட்டுநராவது மூன்றாவது. பஸ் ஓட்டிய அனுபவத்தோடு மாறுவது நான்காவது. இவற்றில் எது உயர்ந்தது என்று நான் பார்ப்பதில்லை. ஏதாவது ஒரு கட்டத்தில் தேர்வு கைவிட்டுப் போனால் உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்றே பார்க்கிறேன். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கணக்குதான்.

எந்த வாசலானாலும் மாறாதது

ரயில் ஓட்ட நீண்ட கல்லூரிப் படிப்பு தேவை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் அப்படி இல்லை. ரயில் ஓட்டுநர் உரிமம் பற்றி ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் இயற்றிய சட்டம் கேட்பது ஒன்பது ஆண்டுப் பள்ளிக் கல்வியும் அதற்கு மேல் ஓர் அடிப்படைத் தொழிற்பயிற்சியும்தான். அமெரிக்காவில் நகர ரயில் இயக்குநர் பணிக்குப் பள்ளி இறுதித் தேர்ச்சியே வழக்கமான தகுதி. இந்திய ரயில்வேயில் உதவி லோகோ பைலட் ஆகப் பத்தாம் வகுப்போடு குறிப்பிட்ட பிரிவுகளில் ஐடிஐ தேர்ச்சி வேண்டும், அல்லது பொறியியல் டிப்ளமோ. டெல்லி மெட்ரோ ஒரு படி மேலே போய் மூன்றாண்டு டிப்ளமோ அல்லது அறிவியல் பட்டம் கேட்டு ஆளெடுத்திருக்கிறது. வேறுபாடு இருக்கிறது என்றாலும், இவற்றில் எதுவும் உங்களை ஓட்டுநராக்கிவிடாது. விண்ணப்பத்தை ஏற்கவைக்கும், அவ்வளவுதான்.

ஓட்டுநராக்குவது வேலையில் சேர்ந்த பிறகு நிறுவனம் தரும் பயிற்சி. அதை வெளியே எந்தக் கல்லூரியும் கொடுக்க முடியாது. ஏன் என்பதற்கு ஐரோப்பிய முறையைப் பார்த்தால் போதும். அங்கே ஓட்டுநரிடம் இரண்டு ஆவணங்கள் இருக்கும். ஒன்று உரிமம்; அது அவருக்கே சொந்தம், பத்தாண்டு செல்லும். மற்றொன்று நிறுவனம் தரும் சான்றிதழ். அவர் எந்தத் தடங்களில் ஓட்டலாம், எந்த வகை ரயிலை ஓட்டலாம் என்று அதில்தான் எழுதியிருக்கும். உரிமம் இருந்தும் சான்றிதழில் இல்லாத தடத்தில் அவர் தனியாக ஒரு ரயிலையும் எடுக்க முடியாது.

இந்தக் கண்டிப்பு வெறும் காகிதச் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு 1918ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதியைச் சொல்வேன். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ரயில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம். அலுவலகத்தில் பணி ஒதுக்கீடு பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைப் பெயரளவுக்குப் பயிற்சி கொடுத்து ரயிலில் ஏற்றினார்கள். அந்தத் தடம் அவருக்குப் பழக்கமில்லை. மால்போன் தெருவுக்கு அடியில் மணிக்கு 6 மைல் வேகத்தில் செல்ல வேண்டிய வளைவு ஒன்று இருந்தது. ரயில் 30 மைலுக்கும் மேலான வேகத்தில் அதில் நுழைந்தது. குறைந்தது 93 பேர் இறந்தார்கள். கைப்பிடியை எப்படித் திருப்புவது என்பதை ஒருநாளில் கற்றுக்கொடுக்கலாம். அடுத்த வளைவு எங்கே இருக்கிறது, அதற்கு எவ்வளவு முன்னால் பிரேக்கைத் தொட வேண்டும் என்பது அந்தத் தடத்திலேயே பலமுறை போய்வந்தால் ஒழிய வராது. பயிற்சிக் காலம் மாதக்கணக்கில் நீள்வது இதனால்தான்.

நேரடிப் பயிற்சி: குறைந்த காலம், கடுமையான வடிகட்டல்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பயிற்சி ஓட்டுநராக எடுக்கும் நிறுவனம் இருந்தால், காலக்கணக்கில் அதுவே குறுகிய வழி. படிப்புச் செலவு இல்லை. பயிற்சிக் காலத்திலேயே ஊதியம் வரும். ஆனால் இந்த வாசலில் கூட்டம் அதிகம். சில இடங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் மோதுவார்கள். மதிப்பெண் பட்டியலைவிட உளத்திறன் சோதனையே ஆட்களை அதிகம் வெளியேற்றும்.

அந்தச் சோதனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விண்ணப்பதாரர்கள் இதைப் பொது அறிவுத் தேர்வு என்று எண்ணித் தவறாகத் தயாராகிறார்கள். பிரிட்டனில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் ஒரு சோதனையில் தாள் முழுக்கப் புள்ளிக் கூட்டங்கள் இருக்கும். நான்கு புள்ளிகள் உள்ள கூட்டங்களை மட்டும் அடித்துக்கொண்டே போக வேண்டும். முதல் தாள் விளையாட்டுப் போலத் தெரியும். அடுத்தடுத்த தாள்களில் கண் கூசும், மனம் எங்கோ போகும், ஒரு கூட்டம் விடுபடும். அதைத்தான் அளக்கிறார்கள். சலிப்பூட்டும் ஒரே காட்சியை நீண்ட நேரம் பார்த்தும் கவனம் சிதறாமல் இருக்கிறதா என்பதே கேள்வி. இந்திய ரயில்வேயின் கணினிவழி உளத்திறன் தேர்வில் ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் வாங்க வேண்டும். ஒன்றில் அள்ளிக் குவித்து மற்றொன்றில் விட்டதை ஈடுகட்ட முடியாது. இதற்குச் சிறந்த தயாரிப்பு நல்ல தூக்கமும், ஒரே வேலையைக் கைப்பேசி பக்கத்தில் இல்லாமல் ஒரு மணி நேரம் செய்யும் பழக்கமும்தான்.

தேர்வானவருக்கு முதலில் வகுப்பறை. சிக்னல் விதிகள், பேச்சுத் தொடர்பு விதிகள், மின்சாரம் பாயும் தண்டவாளத்தின் அருகே எப்படி நடப்பது, தீ, பயணிகளை வெளியேற்றுவது. அதன்பின் சிமுலேட்டர், அதாவது ஓட்டுநர் அறையைப் போலவே அமைத்த பயிற்சி இயந்திரம். பிறகு பணிமனையில் காலி ரயில். கடைசியாகப் பயணிகளோடு, பக்கத்தில் பயிற்றுநர் நிற்க, உண்மையான தடம்.

தடத்தில் புதியவர்களைத் திணறவைப்பது வேகம் கூட்டுவது அல்ல, நிறுத்துவது. நடைமேடையின் முனையில் ரயில் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் சிறு பலகை இருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில், வழக்கமான பிரேக்கில் வினாடிக்கு வினாடி ஒரு மீட்டர் வீதம் வேகம் குறைத்தால், நிற்க 22 வினாடியும் 250 மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரமும் ஆகும். உலர்ந்த சாலையில் அதே வேகத்தில் வரும் காருக்கு பிரேக் பிடித்த பிறகு இதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. பலகை கண்ணில் படும்போது பிரேக் போட நினைத்தால் காரியம் கெட்டது. சுவரில் ஒரு குழாய், ஒரு விளக்கு, ஒரு மேம்பாலத் தூண் என்று ஏதோ ஒன்றை அடையாளம் வைத்து முன்னதாகவே தொட வேண்டும். கடைசிக் கணத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ரயில் நிற்கப் போகிற அந்த நொடியில் பிரேக்கைச் சற்றுத் தளர்த்த வேண்டும். தளர்த்தாவிட்டால் நின்றுகொண்டிருக்கும் பயணிகள் முன்னே சாய்ந்து பின்னே குலுங்குவார்கள். முதல் வாரத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் குலுக்குவார்கள். மழை பெய்யும் நாளில், சுரங்கத்திலிருந்து வெளியே வரும் தடத்தில், நன்றாக நிறுத்தப் பழகியவர்களும் திரும்பக் குலுக்குவார்கள். ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் பிடிப்பதில்லை. பொறுமையாக அடுத்த ரயிலுக்குத் தயாராகிறவரே கடைசியில் தேறுவார்.

இந்த வாசலின் பலவீனம் ஒன்றே. நடுவில் தேர்ச்சி பெறாவிட்டால் வெளியே போய்க் காட்ட ஒன்றும் இருக்காது. அந்த நிறுவனத்தின் சிக்னல் விதிகளைக் கரைத்துக் குடித்திருப்பீர்கள், வேறு எங்கும் அதற்கு மதிப்பில்லை.

தொழில்நுட்பப் படிப்பு: காலம் அதிகம், காப்பும் அதிகம்

டிப்ளமோ கட்டாயம் என்று விதி உள்ள இடத்தில் விவாதத்துக்கு இடமில்லை, படித்துத்தான் ஆக வேண்டும். கட்டாயமில்லாத இடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளை அதில் போடுவது தகுமா என்பதே கேள்வி. தகும் என்பது என் கருத்து, ஆனால் ஒரு நிபந்தனையோடு.

முதலில் அது ஓட்டுநர் வேலைக்கு எவ்வளவு உதவுகிறது என்று பார்ப்போம். ஓர் உதாரணம். ரயில் நடைமேடையில் நிற்கிறது. கதவுகளை மூடுகிறீர்கள். எல்லாக் கதவும் மூடினால் எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை. அது எரியாமல் மோட்டார்களுக்கு இழுவிசை போகாது, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பின்னால் இன்னொரு ரயில் காத்திருக்கிறது. கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்கிறீர்கள். மறுபடி திறந்து மூடிப் பார்க்கிறீர்கள். திரையில் நான்காவது பெட்டியின் ஒரு கதவு என்று காட்டுகிறது. பயணிகளுக்கு அறிவித்துவிட்டு இறங்கி ஓடுகிறீர்கள். கதவின் தடத்தில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். ஒன்றுமில்லை என்றால் கையால் இழுத்து மூடி, பூட்டி, அந்தக் கதவை மின்சுற்றிலிருந்து விலக்கி, அறிவிப்பு ஒட்டிவிட்டுத் திரும்பி வருகிறீர்கள். விளக்கு எரிகிறது.

இதை வரிசைப்படி மனப்பாடமாகவும் செய்யலாம், புரிந்தும் செய்யலாம். மின்சுற்று படித்தவர், விளக்கு ஏன் எரியவில்லை என்பதைக் கேட்டவுடனே புரிந்துகொள்கிறார். வரிசையில் இல்லாத கோளாறு வரும்போது பதறுவதில்லை. பயிற்சியின் முதல் இரண்டு மாதங்களில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். ஆனால் ஓராண்டுக்குப் பிறகு டிப்ளமோ படித்தவர் யார், பள்ளியோடு நின்றவர் யார் என்று ஓட்டுவதைப் பார்த்து என்னால் சொல்ல முடிந்ததில்லை. பயிற்சி அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது.

அப்படியானால் எதற்குப் படிப்பது? வேலை கிடைக்காவிட்டால் கையில் மிஞ்சுவதற்காக. தொடக்கத்தில் சொன்ன இளைஞரின் கதையில் மீதியும் இருக்கிறது. நிறப்பார்வையில் தோற்றவர் ஓட்டுநராக முடியவில்லை, அந்த டிப்ளமோவை வைத்து அதே துறையில் குளிர்சாதன, கம்ப்ரசர் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தார். பள்ளிப் படிப்போடு வந்து அதே அட்டையில் தோற்ற இன்னொருவருக்கு அந்த வழி இல்லாமல் போனது.

என் நிபந்தனை இதுதான். மின்பொறியியல், மின்னணுவியல், இயந்திரவியல் போன்ற, ரயிலுக்கு வெளியேயும் செல்லுபடியாகும் படிப்பாக இருக்க வேண்டும். 'ரயில் ஓட்டுநர் பயிற்சிச் சான்றிதழ்' என்று விளம்பரம் செய்து பணம் வாங்கும் குறுகிய காலப் படிப்புகளில் சேர வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். தடமும் ரயிலும் சிக்னலும் இல்லாத வகுப்பறையில் ரயில் ஓட்டுநர் உருவாக மாட்டார். ஒரு படிப்பில் பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் சேர விரும்பும் ரயில் நிறுவனத்தின் அண்மைய ஆளெடுப்பு அறிவிப்பை எடுத்து, தகுதிப் பகுதியில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் படிப்பு உங்களுக்கு வேண்டாம்.

உள்ளிருந்து ஏறும் வழி

எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த ஓட்டுநர்களில் பலர் இந்த வழியில் வந்தவர்கள். அதனால் இதன்மேல் எனக்கு ஒரு சாய்வு உண்டு என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானில் இதுவே வழக்கமான பாதை. நிலைய ஊழியராகச் சேர்வார்கள், சில ஆண்டுகளில் கண்டக்டர் ஆவார்கள், அதன்பின் ஓட்டுநர் பயிற்சிக்குத் தேர்வாகி அரசு உரிமத் தேர்வு எழுதுவார்கள். நியூயார்க் சுரங்க ரயிலில் கண்டக்டர்களும் பஸ் ஓட்டுநர்களும் பதவி உயர்வுத் தேர்வு எழுதி ரயில் இயக்குநர் ஆகலாம். லண்டன் சுரங்க ரயிலிலும் ஓட்டுநர் இடங்கள் பெரும்பாலும் உள்ளே இருப்பவர்களுக்கே முதலில் போகும்.

இதன் பலன் என்ன? கண்டக்டராக இருந்தவர் நடைமேடையைப் பின்பக்கத்திலிருந்து பார்த்தவர். கதவு மூடும் கடைசி நொடியில் ஓடிவரும் பயணியை, குழந்தையின் கை ஒரு பக்கமும் தாய் ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோகும் அந்தக் கணத்தைக் கண்ணால் கண்டவர். அவர் ஓட்டுநர் இருக்கைக்கு வரும்போது கதவு பொத்தானை அழுத்தும் விரலே வேறு மாதிரி இருக்கும்.

பழக்கமும் முன்பே உடம்பில் ஊறியிருக்கும். ஜப்பானிய ரயில்களில் ஓட்டுநர் சிக்னலைக் கையால் சுட்டி, நிறத்தை வாய்விட்டுச் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் பார்ப்பவர்களுக்கு நாடகம் போலத் தோன்றும். அங்குள்ள ரயில் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994இல் ஒரு சோதனை நடத்தியது. சுட்டவும் சொல்லவும் செய்யாதபோது நூறு செயல்களுக்கு 2.38 பிழை. இரண்டையும் செய்தபோது 0.38. அந்த வேறுபாட்டுக்காகவே அவர்கள் கையை நீட்டுகிறார்கள். நியூயார்க்கிலும் 1996 முதல் கண்டக்டர்கள் நடைமேடை நடுவில் தொங்கும் கறுப்பு வெள்ளைக் கோட்டுப் பலகையைச் சுட்டிக் காட்டிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார்கள். சரியான இடத்தில் ரயில் நின்றிருக்கிறது என்பதற்கு அது உறுதி. இளம் வயதில் கண்டக்டராக இதைச் செய்து பழகியவருக்கு ஓட்டுநர் பயிற்சியில் கூச்சம் இருக்காது. நேரடியாக வந்தவர்கள் உரக்கச் சொல்ல வெட்கப்பட்டு முணுமுணுப்பார்கள். அந்த வெட்கத்தைப் போக்க எனக்கு இரண்டு வாரம் ஆகும்.

இன்னொரு பெரிய நன்மை. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து வேலைக்குப் போவது, பண்டிகை நாளில் வீட்டில் இல்லாமல் இருப்பது, வாரந்தோறும் தூக்க நேரம் மாறுவது ஆகியவை உங்கள் உடம்புக்கும் குடும்பத்துக்கும் ஒத்துவருமா என்பதை நிலைய வேலையிலேயே தெரிந்துகொள்ளலாம். ஓட்டுநராகி இரண்டே ஆண்டில் விலகுபவர்களில் ஓட்டத் தெரியாமல் விலகியவர் ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. தூக்கம் கெட்டு விலகியவர்களைத்தான் கண்டிருக்கிறேன்.

குறை என்னவென்றால், காத்திருப்பு உங்கள் கையில் இல்லை. பதவி உயர்வுத் தேர்வு எப்போது வரும், எத்தனை இடம் என்பதை நிறுவனமே முடிவு செய்யும். ஐந்தாண்டு என்று நினைத்து நுழைந்தவர் பத்தாண்டும் காத்திருக்க நேரலாம். சேர்வதற்கு முன் அங்கே வேலை செய்கிறவர்களிடம், கடைசிப் பதவி உயர்வுத் தேர்வு எந்த ஆண்டு நடந்தது என்று கேளுங்கள். அதிகாரியிடம் அல்ல, ஊழியரிடம்.

பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பயணிகளோடு பழகுவதிலும் நேர அட்டவணையை மதிப்பதிலும் பஸ் ஓட்டுநருக்கு ஈடில்லை. ஆனால் ஆபத்து வந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்கும் கை அவருடையது. ரயிலில் ஒடிக்க ஒன்றுமில்லை. முன்னே தெரிவதை நம்பி ஓட்டிப் பழகியவர், கண்ணுக்குத் தெரியாத தூரத்தைச் சிக்னலை நம்பி ஓட்டக் கற்க வேண்டும். இந்த மாற்றம் சிலருக்கு எளிது, சிலருக்குக் கடைசிவரை வராது. சாலையிலேயே ஓடும் டிராம் வண்டிக்கு மாறுவது அவர்களுக்கு மிகவும் பொருந்தும். அங்கே சாலையைப் படிக்கும் கண்தான் பாதி வேலை. அனுபவமுள்ள பஸ் ஓட்டுநருக்கு என் முதல் பரிந்துரை டிராம்.

நகர ரயிலா, நெடுந்தூர ரயிலா

எந்த வாசல் என்பதோடு எந்த ரயில் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். இரண்டும் ஒரே வேலை என்று நினைத்துச் சேர்ந்து வருந்துபவர்கள் உண்டு.

சட்டமே இரண்டையும் பிரித்துப் பார்க்கிறது. ஐரோப்பிய உரிமச் சட்டத்திலிருந்து மெட்ரோவையும் டிராமையும் உறுப்பு நாடுகள் விலக்கிவைக்கலாம். அமெரிக்காவில் 1987 ஜனவரி 4 அன்று மேரிலாந்தின் சேஸ் என்ற இடத்தில், சிக்னலைத் தாண்டி வந்த சரக்கு நிறுவன என்ஜின்களின்மேல் பயணிகள் ரயில் மோதி 16 பேர் இறந்தார்கள். என்ஜின்களை ஓட்டியவர் கஞ்சா புகைத்திருந்தார். அதன் பிறகே அங்கே ஓட்டுநர் சான்றிதழ் கட்டாயமாகி, 1991இல் விதிகள் வந்தன. ஆனால் அந்த விதிகள் நெடுந்தூர ரயிலுக்கும் புறநகர் ரயிலுக்கும்தான். தனித்து ஓடும் நகரச் சுரங்க ரயில் அவற்றின்கீழ் வராது. அதன் ஓட்டுநர் பெறும் தகுதி பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்குள் மட்டுமே செல்லும்.

இதன் பொருள், நெடுந்தூர ரயிலில் பெறும் தகுதி உங்களோடு வெளியே வரும் வாய்ப்பு அதிகம். நகர ரயிலில் பெறுவது பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். வாழ்நாள் முழுதும் ஒரே ஊரில், இரவு வீட்டுக்கு வந்து தூங்க வேண்டும் என்று விரும்புகிறவருக்கு நகர ரயில். ஊர் மாறவும் நிறுவனம் மாறவும் மனம் உள்ளவருக்கு நெடுந்தூர ரயில்.

அடுத்து, எல்லோர் மனத்திலும் இருக்கும் கேள்வி. ஓட்டுநரே இல்லாத ரயில் வந்துவிட்டதே, இந்த வேலை நிலைக்குமா?

ஜப்பானின் கோபே நகரில் 1981லேயே ஓட்டுநரில்லா ரயில் ஓடத் தொடங்கியது. 1983இல் பிரான்சின் லீல். 2003இல் சிங்கப்பூரின் வடகிழக்குத் தடம். 2020 டிசம்பரில் டெல்லியின் மெஜந்தா தடம். நூறாண்டுப் பழமையான பாரிஸ் முதல் தடத்தையே 2012க்குள் ஓட்டுநரில்லாமல் மாற்றிவிட்டார்கள். புதிதாகக் கட்டப்படும் மெட்ரோ தடங்களில் பல ஓட்டுநர் அறையே இல்லாமல் வரும். இதை மறைத்துப் பேசுவது உங்களுக்கு நான் செய்யும் துரோகம்.

ஆனால் தானியக்கம் என்பது ஒரே படி அல்ல, நான்கு படிகள். முதல் படியில் ஓட்டுநரே ஓட்டுவார், வேகத்தை இயந்திரம் கண்காணிக்கும். இரண்டாம் படியில் ரயில் தானே ஓடி நிற்கும், ஓட்டுநர் கதவைப் பார்த்து மூடிப் புறப்பாட்டுப் பொத்தானை அழுத்துவார். மூன்றாம் படியில் ரயிலுக்குள் உதவியாளர் ஒருவர் இருப்பார். நான்காம் படியில் ரயிலில் ஊழியரே தேவையில்லை. லண்டனின் விக்டோரியா தடம் 1968லேயே இரண்டாம் படிக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அங்கே முன்னறையில் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கிறார். பழைய தடங்களை முழுத் தானியக்கத்துக்கு மாற்றுவது பெருஞ்செலவும் பல்லாண்டு வேலையும்.

எனக்குக் கவலை தருவது வேலை போவதைவிட இரண்டாம் படியின் சலிப்பு. எட்டு மணி நேரம், ரயில் தானே ஓடும், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கோளாறு வந்த நொடியில் முழு ஓட்டுநராக விழித்தெழ வேண்டும். கையால் ஓட்டும் திறன் மங்காமல் இருக்கச் சில நிறுவனங்கள் குறிப்பிட்ட இடைவெளியில் தானியக்கத்தை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்கின்றன. அதைச் செய்யும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டும் இன்பத்துக்காகவே வருகிறவர் என்றால், தானியக்கம் மிகுந்த மெட்ரோவில் சேர்ந்து ஏமாற வேண்டாம். புறநகர் ரயிலோ சரக்கு ரயிலோ டிராமோ உங்களுக்கு நிறைவு தரும். இருபதுகளில் சேர்கிறவர்கள், கட்டுப்பாட்டு அறைக்கும் பயிற்றுநர் பணிக்கும் போக வழியுள்ள நிறுவனமா என்பதையும் பார்த்துச் சேர வேண்டும். ஓட்டுநர் அறை இல்லாமல் போனாலும் கட்டுப்பாட்டு அறை இருக்கும்.

பிழை செய்தால் என்ன செய்வார்கள்?

வாசல்களை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கேட்காத ஒன்று இருக்கிறது. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது அதுதான்.

2005 ஏப்ரல் 25. ஜப்பானின் அமகசாகியில் ஒரு புறநகர் ரயில் வளைவில் தடம்புரண்டு அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. ஓட்டுநரையும் சேர்த்து 107 பேர் இறந்தார்கள். அவருக்கு வயது 23, ஓட்டுநராகி 11 மாதம். முந்தைய நிலையத்தில் ரயிலை நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நிறுத்தியிருந்தார். அதனால் ஏற்பட்ட தாமதத்தை ஈடுகட்ட வேண்டிய நிலை. அந்த நிறுவனத்தில் பிழை செய்த ஓட்டுநர்களை 'மறுபயிற்சி' என்ற பெயரில் தண்டிக்கும் வழக்கம் இருந்தது. அவர் முன்பே ஒருமுறை அதை அனுபவித்தவர். நடந்த பிழையைப் பற்றிக் கண்டக்டர் கட்டுப்பாட்டு அறையோடு பேசுவதில் அவர் கவனம் போயிருக்கலாம் என்று விசாரணை சொன்னது. வளைவில் பிரேக் தாமதமாக விழுந்தது.

நல்ல படிப்பு, நல்ல உரிமத் தேர்வு, கடுமையான ஒழுங்கு எல்லாம் இருந்த இடம் அது. பயம் அவை அனைத்தையும் தோற்கடித்துவிட்டது. ஆகவே இரண்டு நிறுவனங்கள் வாய்ப்புக் கொடுத்தால், ஊதியத்தை ஒப்பிடுவதற்கு முன் இதை ஒப்பிடுங்கள். பயிற்சி ஓட்டுநர் நிறுத்துமிடத்தைத் தாண்டிவிட்டால் அடுத்த நாள் அவருக்கு என்ன நடக்கும்? சிமுலேட்டரில் உட்காரவைத்து எங்கே தவறியது என்று பார்ப்பார்களா, நாள் முழுதும் விளக்கக் கடிதம் எழுதவைப்பார்களா? தானாக முன்வந்து பிழையைச் சொன்னவரை எப்படி நடத்துகிறார்கள்? மூத்த ஓட்டுநர் இருவரிடம் பேசினால் அரை மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும்.

என் பரிந்துரை

இனி யாருக்கு எது என்று சொல்லிவிடுகிறேன். கண்ணும் காதும் சோதனையில் தேறி, பள்ளி முடித்து, வீட்டில் உடனே வருமானம் தேவைப்படுகிறவர் நிலைய ஊழியராகவோ கண்டக்டராகவோ உள்ளே போகட்டும். அவசரமில்லாத, இரண்டு மூன்று ஆண்டு படிக்க வசதியுள்ள பதினெட்டு வயதுக்காரர் மின்பொறியியல் டிப்ளமோவோ ஐடிஐயோ படிக்கட்டும். படிக்கும்போதே ஒவ்வோர் ஆளெடுப்புக்கும் விண்ணப்பிக்கட்டும். நேரடிப் பயிற்சி வாய்ப்பு கிடைத்துவிட்டவர் படிப்பை முடிக்கவில்லையே என்று தயங்க வேண்டாம். ஆனால் பயிற்சி ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு வேலை செய்யக் கட்டுப்படுகிறோம், தேர்ச்சி பெறாவிட்டால் நிறுவனத்திலேயே வேறு பணி தருவார்களா என்ற இரண்டு வரிகளைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்திடட்டும். பட்டப்படிப்பு ஏற்கெனவே முடித்தவர், வயது வரம்பைக் கணக்கிட்டுக்கொண்டு மெட்ரோ நிறுவனங்களின் நேரடித் தேர்வுகளை எழுதலாம். அங்கிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு ஏறும் வழி அவருக்கு மற்றவர்களைவிட விரைவில் திறக்கும்.

முப்பதைத் தாண்டியவர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்கு வயது வரம்பே முதல் சோதனை. அரசுத் தேர்வுகள் பலவற்றில் அது மூடியிருக்கும். வரம்பு இல்லாத நிறுவனங்களும் இருக்கின்றன. அங்கே உங்கள் வயதுக்குரிய நிதானம் ஒரு குறையல்ல. என்னிடம் பயின்றவர்களில் முதல் வாரத்திலேயே பயணிகளைக் குலுக்காமல் ரயிலை நிறுத்தியவர் ஒருவரே. அவர் அதற்கு முன் பதினைந்து ஆண்டு பஸ் ஓட்டியவர், வயது நாற்பத்தொன்று.